வாசலில் ஒரு ரேகை மிஷின்

டிஸ்கி: நீளமான பதிவு, அதிலும் சரித்திரம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திறந்தால் தூக்கம் உத்தரவாதம். காலைக் காபியோடு படிப்பது நல்லது.

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பெங்களூருக்கு வந்தால் அவருக்கு இரண்டு புகார்கள் நிரந்தரம்: தண்ணீர் சப்பென்று இருக்கிறது, பேச ஆளில்லை. அதனால் காலையில் பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடும் சாக்கில் கேட்டுக்குப் போய் செக்யூரிட்டியோடும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களோடும் அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் வருவார். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் நிறைய. மொழிப் பிரச்சினை கிடையாது.

ஒருநாள் கேட்டிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டார். "ஏப்பா, கீழ அந்தப் பிள்ளைகளை வரிசையில நிப்பாட்டி ரேகை எடுக்குறாய்ங்களே, எதுக்கு?"

சொன்னேன். மூன்று மாதத்துக்கு முன்னால் சி பிளாக்கில் ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போயிற்று. அசோசியேஷன் கூடிப் பேசி, வேலைக்கு வருகிறவர்கள், டிரைவர்கள், பால்காரர், இஸ்திரி போடுகிறவர் எல்லோரும் உள்ளே வரும்போதும் போகும்போதும் கட்டைவிரல் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். "செய்தோம்" என்கிறேன், ஏனென்றால் அடியேன்தான் அந்த வருஷத்துச் செயலாளர். மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே மலிவான மிஷினுக்குக் கையெழுத்துப் போட்ட மகானும் நானே.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஒங்க சீயானும் இப்பிடித்தான் வரிசையில நின்னாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

(எங்கள் பக்கத்தில் தாத்தாவுக்குச் சீயான் என்று பெயர். விக்ரம் ரசிகர்கள் மன்னிக்கவும்.)

ரேகைச் சட்டம் என்ற வார்த்தையை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் பெரியவர்கள் பழங்கதை பேசும்போது வரும். ஆனால் அது என்ன சட்டம், எந்த வருஷம், யார் போட்டது என்று உட்கார்ந்து படித்ததில்லை. இந்த ஒரு மாதத்தில் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியை இங்கே கொட்டுகிறேன். வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நம் வீடுகளில் இது பேசப்படுவதே இல்லை.

1871ல் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். முதலில் வட இந்தியாவில் மட்டும். ஒரு கூட்டமோ ஒரு சாதியோ தொடர்ந்து குற்றம் செய்கிறது என்று உள்ளூர் அரசாங்கம் நம்பினால் போதும், அந்தச் சமூகம் முழுவதையும் கெஜட்டில் அறிவித்துவிடலாம். அந்த அறிவிப்புச் சரியா தவறா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்போது வைஸ்ராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். மறு வருஷமே, 1872ல், சாட்சியச் சட்டத்தை எழுதித் தந்தவரும் அவர்தான். ஒருவன் குற்றவாளி என்று நிரூபிக்க என்னென்ன சாட்சி வேண்டும் என்று அத்தனை நுணுக்கமாக எழுதினார்கள். பக்கத்து அலமாரியில், சாட்சியே வேண்டாம், பிறந்தாலே போதும் என்கிற சட்டம் இருந்தது.

1911ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, சென்னை மாகாணம் உட்பட பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் விரித்தார்கள். 1910கள் முடிவதற்குள் மதுரைச் சீமைப் பிரமலைக் கள்ளர் சமூகம் மொத்தமும் அதற்குள் வந்துவிட்டது. பின்னால் ஆப்பநாட்டு மறவர்களும் வந்தார்கள். குறவர்கள், இன்னும் பல நாடோடிச் சமூகங்கள் என்று பட்டியல் நீண்டது.

சட்டம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை அம்மா தன் அம்மா சொன்னதாகச் சொன்னார். பெயர் பதிவாகும், பத்து விரலும் மையில் உருட்டி எடுக்கப்படும். இரவில் வீட்டில் படுக்கக் கூடாது, ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு ராத்திரிச் சீட்டு என்று பெயர். போகிற ஊரில் அதைக் காட்ட வேண்டும். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் சீட்டில்லாமல் இரவில் தெருவில் இறங்கினால் கேஸ். பதிவானவன் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழு வருஷம், மூன்றாம் முறை ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று 1911 சட்டம் சொல்கிறது.

"ஒங்க அம்மாயி கல்யாணமாயி வந்த புதுசுல, ராத்திரி புருசன் எங்க போறாருன்னே தெரியாம அழுதுச்சாம்" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது சுலபமாக விட்டுவிடும் பகுதி இது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் அந்தச் சீமையில் காவல் என்பதே கள்ளர் கையில்தான் இருந்தது. ஊருக்கு ஊர் காவல்காரர், அவருக்கு விளைச்சலில் காவல்கூலி. களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் காவல்காரர் ஈடு கட்ட வேண்டும். இது சீராக நடந்தவரை ஒரு போலீஸ் ஏற்பாடுதான். ஆனால் கூலி தராத ஊரில் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். மாட்டைப் பிடித்துப் போனவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் உறவு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைப் பொறுக்க முடியாமல் 1896ல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோனார் என்பவர் தலைமையில் சம்சாரிகள் திரண்டார்கள். ஊர்தோறும் பணம் திரட்டி, அந்தப் பண்டிலிருந்து சொந்தமாகக் காவலுக்கு ஆள் போட்டு, கள்ளர் காவலை ஒழித்தார்கள். அடிதடி, தீ வைப்பு எல்லாம் நடந்தது. அந்தச் சம்சாரிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் 1978ல் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆக, மாடு பிடித்தவர்களும் உண்டு. ஆனால் சர்க்கார் மாடு பிடித்தவனைத் தேடிப் பிடித்திருக்கலாம். அது கஷ்டமான வேலை, சாட்சி வேண்டும், சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டும். மொத்தச் சமூகத்தையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுதுவது மலிவு. (மூன்று கொட்டேஷனில் மலிவானதைத் தேர்ந்தெடுத்த செயலாளர் இந்த இடத்தில் தலையைச் சொறிந்தார்.)

சரி, இப்போது ஒரு கொசுவர்த்தி.

சில வருஷம் முன்னால் கம்பெனி என்னைச் சீனாவுக்கு, ஷென்சென்னுக்கு அனுப்பியது. போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் வட்டாரக் காவல் நிலையத்தில் வீட்டு விலாசத்தோடு பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்காரன் என்பதால் என்று நினைத்தேன். பக்கத்து மேஜையில் வேலை பார்த்த சீனத் தோழி சிரித்தார். "எங்களுக்கும்தான்" என்றார். அவர் வேறு மாகாணத்துக் கிராமத்துக்காரர். அங்கே 1958லிருந்து ஹுகோ என்கிற குடும்பப் பதிவு முறை இருக்கிறது. கிராமத்துப் பதிவா நகரத்துப் பதிவா என்பது பிறப்போடு வரும். நகரத்தில் இருபது வருஷம் உழைத்தாலும் பிள்ளைக்கு அந்த நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது அந்தத் தாளைப் பொறுத்தது.

சீனாவில் இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1070 வாக்கில், சோங் வம்சத்தில், வாங் அன்ஷி என்ற மந்திரி பாவோஜியா என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பத்து வீடு ஒரு கட்டு. அந்த வீட்டு ஆண்கள் முறை வைத்து இரவுக் காவல் சுற்ற வேண்டும், கட்டுக்குள் ஒருவன் குற்றம் செய்து மற்றவர்கள் மறைத்தால் எல்லோருக்கும் தண்டனை. பின்னால் சிங் வம்சத்தில் பத்து வீடு, நூறு வீடு, ஆயிரம் வீடு என்று அடுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பலகை: உள்ளே யார் யார், என்ன தொழில். 1895ல் தைவானைப் பிடித்த ஜப்பான்காரர்கள் இந்த முறையை அப்படியே எடுத்து 1898லிருந்து அங்கே போலீஸுக்குக் கீழே வைத்து நடத்தினார்கள். ஆள வருகிறவனுக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு, பாதி வேலையை ஊர்க்காரனே பார்த்துவிடுவான்.

மதுரைக் காவல் முறையையும் பாவோஜியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் பொறுப்பு ஊரின் தலையில். ஆனால் சீனத்து வாசல் பலகை எல்லா வீட்டிலும் தொங்கியது. பணக்காரன் வீடு, வாத்தியார் வீடு என்று கிட்டத்தட்ட எல்லோரும் அதில் வந்தார்கள். நம்மூர்ச் சட்டம் சில வீட்டு வாசலில் மட்டும் பலகை மாட்டியது. பக்கத்துத் தெருக்காரருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் வாழ முடிந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டில் 240 வீடு. மிஷினில் ஒருநாளும் விரல் வைக்காதவர்கள் அத்தனை பேரும் அதை வைக்க ஓட்டுப் போட்டவர்கள்.

சீனாவிலும் சில வீட்டுக்கு மட்டும் பலகை மாட்டிய காலம் பின்னால் வந்தது. அதைத் தோழிதான் சொன்னார். 1950களில் நிலச் சீர்திருத்தத்தின்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வர்க்கப் பெயர் சூட்டினார்கள். ஏழை விவசாயி, நடுத்தர விவசாயி, பணக்கார விவசாயி, நிலப்பிரபு. கடைசி இரண்டோடு எதிர்ப்புரட்சிக்காரர், கெட்ட பேர்வழி என்ற இரண்டையும் சேர்த்து நான்கு வகையினர் என்பார்கள். ஊரார் கண்காணிப்பில் அவர்கள் வேலை செய்ய வேண்டும். 1963ல் ஜெஜியாங் மாகாணத்தில் ஃபெங்சியாவ் என்ற இடத்தில், இவர்களைப் போலீஸுக்கு அனுப்பாமல் ஊரே திருத்தியது என்று மாவோ பாராட்டி நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்னார். அந்தப் பெயர் இன்றைக்கும் அங்கே அரசாங்க மேடைகளில் புகழப்படுகிறது.

தோழியின் தாத்தாவுக்கு விழுந்த பெயர் பணக்கார விவசாயி. கொஞ்சம் நிலமும் ஒரு மாடும் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். தாத்தாவின் பெயர் அப்பாவுக்கும் வந்தது. அப்பாவால் ராணுவத்தில் சேர முடியவில்லை, மேலே படிக்க முடியவில்லை, பெண் கிடைப்பதும் தாமதம். 1979 ஜனவரியில் கட்சி அந்தப் பட்டத்தை எடுத்துவிட முடிவு செய்தது. "அப்பா அன்னைக்குப் பட்டாசு வெடிச்சாரா?" என்று கேட்டேன். "அதிகாரி வாசித்த தாளை வாங்கிப் பத்திரமா வெச்சுக்கிட்டார். யாராவது பிறகு கேட்டா காட்டணுமே" என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டு ரேகைக் கதையை அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்கே ஒழுங்காகத் தெரியாது, எப்படிச் சொல்வது?

விரல் ரேகைக்கும் சீனாவுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. டாங் வம்சக் காலத்து ஒப்பந்தங்களிலேயே எழுதத் தெரியாதவர்கள் விரல் அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தை நம் நாட்டில் முழுமை அடைந்தது. 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் பதித்து வாங்கினார், பின்னால் பேச்சு மாறாமல் இருக்க. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியிடம் வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரும் ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். 1897ல் கல்கத்தாவில் ரேகைக் கூடம் வந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901ல். முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றி முறை (வேலை பார்த்தவன் ஒருத்தன், பேர் வாங்கினவன் மேனேஜர். ஐடி நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை).

அந்த மை டப்பா பெருங்காமநல்லூருக்கு வந்தது 1920ல்.

உசிலம்பட்டி, சேடபட்டி பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் வானம் பார்த்த பூமி. அந்த ஊர்க்காரர்கள், எங்கள் மேல் குற்றமே இல்லாதபோது எதற்கு ரேகை வைக்க வேண்டும் என்று மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று ஆயுதப் போலீஸ் வந்தது. பேச்சு முற்றியது, சுட்டார்கள். இறந்தவர்கள் பதினாறு பேர். அதில் ஒருவர் பெண், மாயக்காள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்பது ஊர்க் கதை. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அமிர்தசரஸ் நம் எல்லோருடைய பாடப்புத்தகத்திலும் இருந்தது. பெருங்காமநல்லூரை நான் பத்தாம் வகுப்புவரை படித்த பள்ளியிலிருந்து சைக்கிளில் போய் வந்துவிடலாம், ஒரு வாத்தியார்கூடச் சொன்னதில்லை.

சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டில் நின்றவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் செய்த பாரிஸ்டர். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம், அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் ரோசாப்பூ துரை. எங்கள் பக்கம் ரோசாப்பூ என்று பெயர் வைத்த பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் காரணம் அவர்தான். பின்னால் முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றவர்களும் போராடினார்கள். சர்க்கார் ஒருபக்கம் ரேகை எடுத்துக்கொண்டே மறுபக்கம் கள்ளர் சீரமைப்பு என்று தனித் துறை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டியது. என் அம்மா அ, ஆ படித்தது அப்படி ஒரு சீரமைப்புப் பள்ளியில்தான். அதனால் அதை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

எங்களுக்காவது ஊரும் நிலமும் கூட்டமும் இருந்தது, பின்னால் ஓட்டும் இருந்தது. குறவர்களுக்கு அதுவும் இல்லை. கடற்கரை உப்பையும் உள்நாட்டுத் தானியத்தையும் பொதிமாட்டிலும் கழுதையிலும் ஏற்றி ஊர் ஊராக வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். ரயில் வந்தது, சர்க்காரின் உப்புக் கொள்கை வந்தது, 1876-78 பஞ்சம் வந்தது. பிழைப்புப் போயிற்று. பிழைப்பில்லாமல் சுற்றுகிறவன் என்ன செய்வான், திருடத்தான் செய்வான் என்று பட்டியலில் ஏற்றினார்கள். மீனா ராதாகிருஷ்ணா 2001ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் படிப்படியாகக் காட்டுகிறார். பலரைச் சால்வேஷன் ஆர்மி நடத்திய குடியிருப்புகளில் அடைத்தார்கள். ஆந்திராவில் ஸ்டூவர்ட்புரம் அப்படி உண்டான ஊர். 2021ல் வந்த ஜெய் பீம் படம் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருளர் என்று காட்டினாலும், 1993ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டது ஒரு குறவர் குடும்பம். சட்டம் போய் 46 வருஷம் கழித்து, ஒரு வீட்டில் நகை காணோம் என்றதும் போலீஸுக்கு முதலில் ஞாபகம் வந்தது யார் வீடு என்று பாருங்கள்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947ல் ரத்தானது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் அமைந்த குழு 1950ல் அறிக்கை தந்தபின், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31லிருந்து ரத்து. ஆனால் சென்னையில் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. கர்நாடகத்துக்கு அதே மாதிரி 1961ல் ஒன்று. இவை சாதியைச் சொல்வதில்லை, தனி ஆளைத்தான் சொல்கின்றன. பெரிய வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டேஷனில் இருக்கும் பழைய ரிஜிஸ்டரும் அதைப் பார்த்துப் பழகிய கண்ணும் ஒரு கெஜட் அறிவிப்பில் மாறிவிடாது. இங்கே பெங்களூரில் ரவுடி ஷீட் என்பார்கள். ஷீட்டில் பேர் உள்ளவர்களை மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்து அதிகாரி எச்சரிக்கும் படம் பேப்பரில் அடிக்கடி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் ஃப்ரீடம் பார்க் கூட்டிப்போனேன். சேஷாத்ரி ரோட்டில் இருக்கிறது. 1860களில் கட்டிய பழைய மத்தியச் சிறை. கைதிகளைப் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றிய பிறகு 2008ல் பூங்காவாகத் திறந்தார்கள். எமர்ஜென்சியில் வாஜ்பாய், அத்வானி, தேவ கவுடா எல்லோரும் இங்கே இருந்தவர்கள். இரண்டு பேர் பின்னால் பிரதமரே ஆனார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதைச் சுற்றி நாலாபுறமும் விரியும் கொட்டடிகள். கோபுரத்தில் நிற்பவனுக்கு எல்லா வரிசையும் தெரியும், வரிசையில் இருப்பவனுக்கு அவன் பார்க்கிறானா இல்லையா என்று தெரியாது.

அம்மா கோபுரத்துக்குக் கீழே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "நம்ம சாவடியில இத்தனை செலவு பண்ணல" என்றார். "தலையாரி ஒரு அரிக்கேன் லைட்டை வச்சுக்கிட்டு எண்ணுவாராம். ஒரு தலை கொறஞ்சா மறுநாள் ஊரே பதில் சொல்லணும்."

என் மகளுக்குப் பதினோரு வயது. "பாட்டி, உங்கப்பா என்ன திருடினார்?" என்று கேட்டாள். நான் பதறிப்போனேன். அம்மா பதறவில்லை. "ஒண்ணும் திருடலத்தா. அந்த ஊர்ல பொறந்தாரு" என்றார். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தட்ஸ் நாட் ஃபேர்" என்று சொல்லி ஐஸ்கிரீம் கேட்டாள்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் போட்ட வழக்கு. பல மாநிலச் சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது, நாடோடி அல்லது குற்றப் பரம்பரை என்று குறிப்பது எல்லாம் அதுவரை அச்சில் இருந்தது. சட்டம் ரத்தாகி 72 வருஷம்! அதையெல்லாம் எடுக்கச் சொன்ன நீதிமன்றம், சிறைப் பதிவேட்டில் சாதி என்ற கட்டத்தையே நீக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர். 1979ல் அந்தப் பெயருக்கான ஆங்கிலச் சொல்லில் பழங்குடி என்பதை எடுத்துச் சமூகம் என்று மாற்றினார்கள். சலுகை போய்விட்டது என்று பல வருஷப் போராட்டம். 2024ல்தான் ஒரே சான்றிதழ் என்று அரசு அறிவித்தது. அவமானப் பட்டியலில் இருந்ததற்கு அத்தாட்சி கேட்டு வரிசையில் நிற்கிறோம். தோழியின் அப்பா தாளைப் பத்திரப்படுத்தியது இப்போதுதான் புரிகிறது.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் பேசினேன். ரெண்டில் ஒன்று: 240 வீட்டுக்காரர்களும் தினம் விரல் வைப்போம், இல்லையென்றால் மிஷினை எடுத்துவிடுவோம். சிரித்தார்கள். ஒரு ரிட்டயர்டு அங்கிள், "தப்புச் செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்றார். நல்ல மனிதர், தீபாவளிக்கு எல்லா வேலைக்காரர்களுக்கும் கைநிறையப் பணம் கொடுப்பவர். எங்கள் சீயான் கதையைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு லிஃப்டில் எப்படிப் பார்ப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, உண்மையைச் சொல்கிறேன். ஓட்டெடுப்பில் தோற்றேன். வந்திருந்த 70 பேரில் என் பக்கம் 9. (சி பிளாக்குச் சங்கிலி? ஊரில் மாமியார் வீட்டு லாக்கரில் இருந்ததாம். அந்தத் தகவல் கூட்டத்தின் குறிப்பில் ஏறவில்லை.)

ஒரு சின்ன விஷயம் மட்டும் ஒப்புக்கொண்டார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் ரேகையை ஒரு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். மறுநாளே மிஷின் கம்பெனிக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய பையன் ரொம்ப மரியாதையானவன்.

"சார், டிலீட் ஆப்ஷன் இந்த மாடல்ல இல்ல. இன்ஆக்டிவ்னு மாத்திக்கலாம். பேர் லிஸ்ட்ல இருக்கும், ஆனா கிரே கலர்ல தெரியும்."

வேறு மாடலுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். அம்மா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் போனில், "அதை எடுத்துட்டாய்ங்களா?" என்று கேட்டார். பார்த்துக்கிட்டிருக்கேன்மா என்றேன்.